நான் சும்மா இருந்த நாலு மாதம்

கேள்வி: யார் வேண்டுமானாலும் வந்து கோடு போடலாம் என்கிற இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எப்படி நம்புவது? யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பதில்: சோதித்துச் சோதித்தே பலர் முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள். 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய வரைபடம் இது. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் முக்கி ஹாக்லே, அந்நாட்டு அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தரவோடு இதை ஒப்பிட்டார். 2010-இல் வந்த அந்தக் கட்டுரையின்படி சராசரி விலகல் 6 மீட்டர் அளவில்தான் இருந்தது. சாதாரண ஜிபிஎஸ் கருவியோடு சுற்றியவர்கள் போட்டதற்கு இது மோசமில்லை. எனக்கு உறுத்தியது அதே கட்டுரையின் இன்னொரு முடிவு. வசதியானவர்கள் வாழும் பகுதிகளை விட ஏழைகளின் பகுதிகள் குறைவாகவே வரையப்பட்டிருந்தன. சாலைகள் மட்டும் போதும் என்றால், உலகச் சாலைகளில் 80 சதவீதத்துக்கு மேல் வரைபடத்தில் ஏறிவிட்டதாக 2017-இலேயே ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கேள்வி: முதுகலை ஆய்வுக்குத் தன்னார்வ மேப்பர்களை எடுத்திருக்கிறேன். தரவு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி எண்ணினால் போதாதா? ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசத்தான் வேண்டுமா?

பதில்: எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் புள்ளியை யார், எப்போது நகர்த்தினார் என்கிற வரலாறே திறந்து கிடக்கிறது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாஸ்கல் நைஸும் அலெக்சாண்டர் சிப்பும் எண்ணித்தான் 2012-இல் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். பதிவு செய்திருந்த சுமார் 5 லட்சம் பேரில் ஒரு எடிட்டாவது செய்தவர்கள் 38 சதவீதம்தான். குறிப்பிடும்படி உழைத்தவர்கள் வெறும் 5 சதவீதம். பேட்டி எடுத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் நானே ஒருமுறை அப்படி எண்ணப்பட்டவன். பதினோரு வருடமாக மேப் செய்கிறேன். நடுவில் ஓர் ஆய்வாளர் என் எடிட்டுகளையெல்லாம் கிராஃபாகப் போட்டு எடுத்துக்கொண்டு பேச வந்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்த நாலு மாதம் விட்டுவிட்டீர்களே, ஆர்வம் போய்விட்டதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாலு மாதமும் தினம் சாயங்காலம் புதிதாக வந்த இரண்டு பேருக்கு, ஒற்றையடிப் பாதையை ஏன் சாலை என்று போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, தெரியாமல் ஓர் ஆற்றையே அழித்துவிட்ட ஒருவருக்குக் கோபப்படாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எடிட்டுகள் எல்லாம் அவர்கள் பெயரில் ஏறின, என் கணக்கில் பூஜ்ஜியம்.

அப்புறம், கிராஃபில் இருந்த பெரிய சிகரத்தைக் காட்டினார். ஒரே ராத்திரியில் மூவாயிரத்துச் சொச்சம் எடிட். அது பல இடங்களில் இருந்த ஒரே எழுத்துப்பிழையைத் திருத்தியது. குழுவில் கேட்டுச் சம்மதம் வாங்கி, நிரலை ஓட்டிவிட்டு அரை மணி நேரத்தில் தூங்கப் போய்விட்டேன். அவர் கணக்குப்படி என் வாழ்நாளிலேயே நான் மிகக் கடுமையாக உழைத்த ராத்திரி அது!

அவர் நல்ல ஆய்வாளர், வந்து கேட்டார். கேட்காமலே எழுதியிருந்தால் நான் சோர்ந்துபோன மேப்பர் என்று ஓர் அட்டவணையில் உட்கார்ந்திருப்பேன். ஆகவே கிராஃபைப் போட்டுவிட்டு, அதில் விநோதமாகத் தெரியும் பத்துப் பேரையாவது தேடிப் போய்ப் பேசுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பெரிய நிறுவனங்களின் சம்பளக்கார மேப்பர்களும் இதே வரைபடத்தில்தான் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பிரிக்காமல் எல்லாரையும் தன்னார்வலர் என்று எழுதினால், தேர்வாளர் முதல் கேள்வியிலேயே உங்களைப் பிடித்துவிடுவார். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைய எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்களே, அப்படிப் பேரிடர் நேரத்தில் மட்டும் வருகிறவர்களையும் தனியாக வையுங்கள்.

இன்னொன்று, பயனர் பெயர்களை ஆய்வேட்டில் அச்சடிக்காதீர்கள். ஒருவர் எந்தத் தெருவை அடிக்கடி திருத்துகிறார், எத்தனை மணிக்கு விழித்திருக்கிறார் என்று பார்த்தால் அவர் வீடு எங்கே என்பதைக்கூட ஊகித்துவிடலாம்.

கேள்வி: மேப்பர்களில் பெண்கள் குறைவு என்கிறார்களே, வரைபடத்தில் அதனால் என்ன வித்தியாசம்?

பதில்: குறைவுதான். ஆரம்பகால சர்வேக்களில் பதில் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். வித்தியாசம் என்ன என்பதற்கு மோனிகா ஸ்டீபன்ஸ் 2013-இல் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். குழந்தைகள் காப்பகத்துக்குத் தனி டேக், அதாவது வரைபடத்தில் ஓர் இடம் என்ன வகை என்று சொல்லும் குறிச்சொல், வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்தது. மேப்பர்களின் வாக்கெடுப்பில் தோற்றுவிட்டது. மதுக்கூடத்துக்கும் இரவு விடுதிக்கும் அப்போதே தனித்தனி டேக் இருந்தது. வாக்களித்தவர்களில் எத்தனை பேர் மாலையில் குழந்தையை அழைத்துவர ஓடுகிறவர்கள் என்று நான் யோசித்ததுண்டு. தோற்றாலும் அந்த டேக் எப்படியோ புழக்கத்துக்கு வந்துவிட்டது. சென்ற வாரம்கூட நான் ஒன்று போட்டேன்.