அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் ஆண்டுதோறும் பண்டிகை அத்தியாயம் வருவது ஏன்?

முதற் காரணம் நாட்காட்டி. அங்குள்ள பெரிய அலைவரிசைகளின் தொடர்கள் வழமையாகச் செப்டெம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடிவதால், ஒக்டோபர் 31இல் வரும் ஹலோவீன், நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படும் நன்றி நவிலல் நாள், நத்தார் ஆகிய மூன்றும் அந்தக் காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. விளம்பரக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் பார்வையாளர் கணக்கெடுப்பும் நீண்டகாலமாக நவம்பரில் நடந்துவந்தது.

ஆனால், கதையமைப்பே இதைவிடப் பெரிய காரணம் என்பேன். வெவ்வேறு ஊர்களில் வாழும் மாமியாரையும் மைத்துனரையும் ஒரே மேசைக்கு அழைத்துவர எழுத்தாளர் வேறு சாட்டுத் தேடவேண்டியதில்லை; பண்டிகை வந்தால் பழைய மனத்தாங்கல்களும் கூடவே வந்துவிடும். 1989 டிசெம்பர் 17இல் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் முதல் அத்தியாயமாக ஒளிபரப்பானதே ஒரு நத்தார்க் கதைதான். போனஸ் கிடைக்காத ஹோமர், கடைத்தொகுதியொன்றில் நத்தார் தாத்தா வேடமிட்டுச் சம்பாதித்த சொற்பக் காசையும் நாய்ப் பந்தயத்தில் தோற்று, கடைசியாக ஓடிவந்ததற்காக உரிமையாளர் விரட்டிவிட்ட நாயையே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். குடும்பத்தின் பணமுடை, தந்தையின் மானம், பிள்ளைகளின் எதிர்பார்ப்பு யாவும் அரை மணிநேரத்துக்குள் விளங்கிவிடுகின்றன. அதே ஆண்டு 'ரோசான்' ஹலோவீனைப் பிடித்துக்கொண்டது. 'பிரெண்ட்ஸ்' நன்றி நவிலல் விருந்தை விடவேயில்லை.

வெள்ளவத்தையில் வெசாக் கூடுகள் தொங்கும் மே மாதத்தில் இணையத்தில் நத்தார் அத்தியாயம் பார்க்கும் நமக்கு இந்தப் பருவக் கணக்கு பிடிபடாமற் போவது இயல்பே. எனினும் இவை பெரும்பாலும் தனித்து நிற்கும்படி எழுதப்படுவதால், முன்கதை தெரியாமலே பார்க்கலாம்.