கோவைக்கு வெளியே, கிராமம் மாதிரி இடத்தில் சைட் வாங்கி வீடு கட்டலாமா?

வாங்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு வெளியூர்க்காரர்கள் என்றாலே ஆகாது போல" என்று யாராவது எழுதுவார்கள்.

நீங்கள் கேட்டது இதுதான்: சரவணம்பட்டியில் வேலை, ஃப்ளாட் வாழ்க்கை அலுத்துவிட்டது, சத்தி ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி நாலைந்து சென்ட் வாங்கி வீடு கட்டினால் பிள்ளைகள் மாடு, மயில், தோட்டம் என்று பார்த்து வளருமா, டவுன் வசதியும் கைவிட்டுப் போகாமல் இருக்குமா. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புரோக்கர் இளநீர் வெட்டிக் கொடுத்திருப்பார். அது எங்கள் மரத்து இளநீராகக்கூட இருக்கலாம், ஆச்சரியப்பட மாட்டேன்.

நான் பிறந்த ஊர் சத்தி ரோட்டில் சரவணம்பட்டி தாண்டி, மெயின் ரோட்டில் இருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஊர்ப் பெயர் வேண்டாம், சொந்தக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். கல்யாணமாகி, கோவைக்குள்ளேயே இருக்கிற கணபதி என்ற பகுதிக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் சரவணம்பட்டியே டவுன் பஞ்சாயத்துதான். 2011-இல் கோவை மாநகராட்சி 72 வார்டில் இருந்து 100 வார்டாக விரிந்தபோது சரவணம்பட்டி, காளப்பட்டி, சின்னவேடம்பட்டி, துடியலூர் எல்லாம் உள்ளே போயின. எங்கள் ஊர் கோட்டுக்கு வெளியே நின்றது. நிலம் மலிவு, டவுனோ கூப்பிடு தூரம். சைட் போடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அப்பா 2013-இல் இரண்டரை ஏக்கரை விற்றார். "விற்றது நீங்கள்தானே, இப்போது எதற்கு ஒப்பாரி" என்று கேட்கத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஆமாம், நாங்கள்தான் விற்றோம். 2012-இல் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று கோவைக்காரர்களுக்கு நினைவிருக்கும். மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்ட் நடு ராத்திரியில் வரும், அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு போவார், மடை மாற்றுவதற்குள் போய்விடும். அப்புறம் கிணறு வற்றியது. போர் போட்டோம். 850 அடி வரைக்கும் வண்டி இறங்கியும் புகைதான் வந்தது. அந்தப் போர் வண்டிக்கே கடன். அதற்கு முன்னால் தங்கச்சி கல்யாணக் கடன். அண்ணன் பெங்களூரில் செட்டில். சோளமும் பருத்தியும் போட்டு வட்டி கட்ட முடியாது. எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். சிறுவாணித் தண்ணீருக்குக் கோவை பேர் போனது, சரி, அந்தத் தண்ணீர் எங்கள் தோட்டத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

என் சொந்தத் தப்புக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எங்கள் பூமிக்கும் பெரியப்பா பூமிக்கும் நடுவே ஒரு இட்டேரி இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்காது. இரண்டு தோட்டத்துக்கு நடுவே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம், அதுதான் இட்டேரி. வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிக் கிடக்கும். காலையில் போனால் காலடியில் இருந்து கௌதாரி விர்ரென்று கிளம்பி நெஞ்சைப் பதற வைக்கும். வண்டிச் சக்கரம் அறுத்து அறுத்து இட்டேரி தோட்டத்து மட்டத்தைவிட ஓரடி, ஒன்றரை அடி பள்ளமாகிவிடும். அதனால் மழை பெய்தால் அதுவே வாய்க்கால். மேட்டுக்காட்டுத் தண்ணீர் முழுக்க அதில் இறங்கி, தெற்கே பள்ளத்தில் (எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம்) சேர்ந்து, அங்கிருந்து கௌசிகாவுக்குப் போகும். கௌசிகா என்பது நொய்யலில் போய்ச் சேரும் ஆறு. ஆறு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான்.

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்துப் பத்திரத்தில் மேற்கு எல்லை "இட்டேரிக்குக் கிழக்கு" என்றிருந்தது. பெரியப்பா பத்திரத்தில் "இட்டேரிக்கு மேற்கு". ஒரே புரோமோட்டர் இரண்டு பேரிடமும் வாங்கினார். அவர் ஆள் எழுதிக்கொண்டு வந்த புதுப் பத்திரத்தில் எங்களுடையது "பெரியப்பா பூமிக்குக் கிழக்கு", பெரியப்பாவுடையது "தம்பி பூமிக்கு மேற்கு". அவ்வளவுதான். இரண்டு பத்திரத்துக்கும் நடுவில் இட்டேரி காணாமல் போய்விட்டது.

பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டதால் நானும் தங்கச்சியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் திண்ணையில் பத்திரத்தை என் கையில் கொடுத்து, "கண்ணு, நீ படிச்ச புள்ள, ஒரு தடவ பாத்துரு" என்றார் அப்பா. தொகையைப் பார்த்தேன். சர்வே நம்பரைப் பார்த்தேன். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். நாலு பக்க எல்லையைச் சொல்கிற செக்குபந்தியைப் படிக்கவில்லை. கம்பெனி பில்லில் ஐம்பது பைசா உதைத்தால் மூன்று தடவை கூட்டுகிற ஆள் நான். நாலு எல்லை நாலு வரி. சின்னப் பையன் பசி என்று அழுதுகொண்டிருந்தான். அது ஒரு காரணமா என்று கேட்டால், இல்லைதான்.

தெற்கு ஓரத்தில் ஒரு ஏக்கர் இருபது சென்டை அப்பா விற்கவில்லை. அதில்தான் சாளை (தோட்டத்து வீடு), மாடு கட்டுகிற கட்டுத்தரை, இரண்டு எருமை, ஒரு கறவை மாடு, முப்பது தென்னை. அதற்குப் போகிற ஒரே தடம் இந்த இட்டேரி.

இரண்டு பூமியையும் சேர்த்து 68 சைட் போட்டார்கள். இட்டேரி லே-அவுட்டின் நடு ரோடாகிவிட்டது. பொக்லைன் வந்து கிளுவை வேலியைப் பிடுங்கி, கிராவல் கொட்டி மேடாக்கியது. அதுவரை அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ரோடாகத்தானே போகிறது, நாமும் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தார். சில வருஷம் அப்படியேதான் போனது. ஒவ்வொரு வீடாக வந்தது. 2019-இல் சங்கம் ஆரம்பித்தார்கள். கேட்டட் கம்யூனிட்டி ஆக்கினால் விலை ஏறும் என்று சுற்றிலும் காம்பவுண்டு. தெற்கே எங்கள் பக்கமும் ஆறடிச் சுவர் எழும்பியது. அப்பாவின் தடம் அதோடு முடிந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பு வழியே சுற்றிக்கொண்டு, தினமும் இரண்டு கிலோமீட்டர் அதிகமாக, பால் கேனோடு நடந்தார். அப்போது அவருக்கு வயது 69.

வக்கீலைப் பார்த்தோம். 1882-ஆம் வருஷத்து வழிப்பாத்தியச் சட்டம் இருக்கிறது, வேறு வழியில்லாத நிலத்துக்குத் தடம் விட்டே ஆகவேண்டும், ஜெயிக்கலாம் என்றார். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டதற்கு விட்டத்தைப் பார்த்தார். புல வரைபடத்தில் ஊர்ப் பக்கம் இருந்து புள்ளிக்கோடாக வருகிற வண்டிப்பாதை எங்கள் பூமியின் முதல் கல்லோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அப்பாருவும் அவர் தம்பியும் வாய்ப்பேச்சில் ஆளுக்குப் பாதி விட்ட இடம். பணம் கட்டி அளந்தபோது அந்தக் கல்லை வெகுநேரம் தேடினோம். கடைசியில் சுவரின் அஸ்திவாரத்துக்கு அடியில் தலை மட்டும் தெரிந்தது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிளம்பலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன்.

வழக்குப் போடவில்லை. மழை எங்களுக்காக வாதாடியது. அடுத்த வருஷம் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் அடித்ததில் மேட்டுக்காட்டுத் தண்ணீர் பழைய ஞாபகத்தில் இட்டேரியைத் தேடி இறங்கி, ரோட்டில் ஓடி, தெற்குச் சுவரில் முட்டி நின்றது. கடைசி வரிசை வீடுகளில் கார் டயர் பாதி முழுகிவிட்டது. மூன்றாம் நாள் சங்கத்துக்காரர்கள் நாலு பேர் வரப்பு வழியே சேற்றில் நடந்து சாளைக்கு வந்தார்கள், அதே இரண்டு கிலோமீட்டர். சுவரில் பன்னிரண்டடி இடித்துக் கேட் போடுவது, தண்ணீரை எங்கள் பூமி வழியாகப் பள்ளத்துக்கு விடுவது, அப்பாவுக்குத் தடம் விடுவது என்று பேசி முடித்தார்கள். இந்தத் தடவை வெள்ளைப் பேப்பரில் நாலு எல்லையும் போட்டு எழுதியது நான்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அதில் ஒரு வீட்டு அம்மா இன்றைக்கும் எங்களிடம்தான் பால் வாங்குகிறார், சொசைட்டி விலையைவிடக் கூடவே கொடுக்கிறார். ஆனால் அதே லே-அவுட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் "கட்டுத்தரை வாடை, கொசு, பஞ்சாயத்தில் புகார் கொடுக்கலாமா" என்று பேச்சு ஓடியதையும் அவர்தான் அப்பாவிடம் காட்டினார். மாடு பார்த்து வளர வேண்டும் என்றால் சாணி வாடையும் வரும். மயிலும் அப்படித்தான். உங்களுக்கு அது அகவுகிற அழகுப் பறவை, தக்காளி நாற்று நட்டவரிடம் போய் மயில் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: "கோயம்புத்தூர்க்காரர்கள் ரொம்ப மரியாதையானவர்கள்". கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் மரியாதைக்குச் சேர்க்கிற அந்த 'ங்க' எல்லோருக்கும் போனதில்லை. எங்கள் தோட்டத்தில் பண்ணையம் பார்த்த ஒருவர் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் அப்பாவைப் 'பண்ணாடி' (எஜமான்) என்பார், அப்பா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், நாங்கள் பொடிசுகளும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். பூமி விற்ற பணத்தில் அவருக்குப் போனது ஒரு வேட்டியும் கொஞ்சம் ரூபாயும். அண்ணனுக்கு பெங்களூரில் வீடு வந்தது, எனக்கும் பங்கு வந்தது. சினிமாவில் 'ஏனுங்' என்று இழுத்துக் கிண்டல் செய்தால் சண்டைக்கு வருகிற எங்கள் ஆட்கள் இதைப் பேச மாட்டார்கள்.

அவர்தான் இப்போது அந்த லே-அவுட்டுக்கு வாட்ச்மேன். முன் கேட்டில் நோட்டு வைத்திருக்கிறார்கள்: பெயர், நேரம், வீட்டு எண், யாரைப் பார்க்க. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவோடு நானும் பால் கறக்கப் போனேன். அவர் எழுந்து நின்று, "ஏனுங் பண்ணாடி, கையெழுத்து ஒண்ணு போட்டுருங்க. இல்லாட்டி என்னைய வைவாங்க" என்றார். "செரி, குடு" என்று வாங்கி, வீட்டு எண் கட்டத்தில் எங்கள் பழைய சர்வே நம்பரையும், யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் "எருமை" என்றும் எழுதினார் அப்பா. புரட்டிப் பார்த்தேன், பக்கம் பக்கமாக அப்படியே இருக்கிறது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, உங்கள் சைட். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறதா பாருங்கள். பழைய 'பஞ்சாயத்து அப்ரூவல்' சைட் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத சைட்களைப் பத்திரம் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் ஐகோர்ட் தடை போட்டு, அவற்றைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள 2017-இல் வரன்முறை விதிகள் வந்த கதை தெரிந்திருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே பதிவானதா, வரன்முறைக் கட்டணம் கட்டிய உத்தரவு இருக்கிறதா என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று புரோக்கரிடம் கேட்காமல் ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டில் கேளுங்கள். ஒரு தடவையாவது வார நாளில், மாலை ஆறரைக்கு, காந்திபுரத்தில் இருந்து பஸ்ஸில் வாருங்கள். முடிந்தால் மழைக்கு மறுநாள்.

முக்கியமாக, லே-அவுட்டுக்குப் பின்னால் தோட்டம் இருந்தால், அந்தத் தோட்டத்துக்காரர் எந்த வழியாகப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள். தாய்ப்பத்திரத்தின் நகலையும் புதுப் பத்திரத்தின் வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு எல்லையையும் ஒப்பிடுங்கள். பத்திரத் தமிழ் புரியவில்லை என்றால், பெயர்களை மறைத்துவிட்டு, செக்குபந்தி இருக்கிற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன், படித்துச் சொல்கிறேன்.