குதிகால் முள்ளை வெட்டி எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் வயது 46. காலையில் எழுந்து காலை ஊன்றினால் குதிகாலில் ஆணி அடித்தது போல் வலிக்கிறது. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் குறைகிறது. எக்ஸ்ரேயில் குதிகால் முள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த முள்தான் குத்துகிறதா? அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

பதில்: பெயர்தான் முள், குத்துவது அதுவல்ல. குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்கள் வரை 'பிளான்டார் ஃபேசியா' என்ற தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது எலும்பில் ஒட்டியிருக்கும் இடம் நாள்பட்ட பளுவால் நைந்து போவதே பெரும்பாலும் வலிக்குக் காரணம். முள் என்பது அதே பகுதியில் பல ஆண்டுகளாகப் படிந்து வளர்ந்த எலும்பு. வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் முள் தெரியும். வலியால் துடிப்பவர்கள் சிலருக்கு முள்ளே இருக்காது. வலி போன பிறகும் முள் அங்கேயேதான் இருக்கும். ஆகவே எக்ஸ்ரே படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வைத்தியம் பட்டைக்குத்தான்.

இரவு முழுக்கப் பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கிவிடுகிறது. முதல் அடியில் அதைத் திடீரென்று இழுப்பதால்தான் அந்த 'ஆணி'. எனவே கட்டிலை விட்டு இறங்குமுன்பே தொடங்குங்கள். வலிக்கும் காலை மற்றக் காலின் தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மடக்குங்கள். உள்ளங்காலில் பட்டை கயிறு போல விறைப்பதை மறு கையால் தொட்டு உணரலாம். விறைக்கவில்லை என்றால் இழுத்தது போதவில்லை. 10 விநாடி பிடித்து விடுங்கள். 10 முறை, நாளுக்கு 3 வேளை.

கெண்டைக்கால் தசை இறுகியிருந்தாலும் பளு பட்டையில்தான் இறங்கும். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்காமல் 30 விநாடி சாய்ந்து நில்லுங்கள், 3 முறை. பலர் செய்யும் தவறு, பின்காலின் குதியைத் தூக்கிவிடுவது அல்லது பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவது. இரண்டிலும் தசை நீளாது.

கடுமை தணிந்ததும் பட்டையை வலுவாக்க வேண்டும். படி விளிம்பில், சுருட்டிய துண்டை விரல்களுக்கடியில் வைத்து நின்று, 3 விநாடியில் குதியைத் தூக்கி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 முறை வீதம் 3 சுற்று. முதலில் இரு கால்களாலும், பழகியபின் ஒற்றைக் காலாலும்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். குதிப்பகுதி மெத்தென்று, நடுவளைவுக்குத் தாங்கல் உள்ள செருப்பு போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. தேய்ந்து தட்டையானதைத் தூக்கி எறியுங்கள். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று பயிற்சியைக் கைவிட்டுவிடாதீர்கள். குறைந்தது 6 முதல் 12 வாரம் ஆகும். முழுதும் விலகச் சிலருக்கு ஓராண்டு வரை பிடிக்கும். 6 மாதத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்தும் வலி அசையாவிட்டால்தான் ஷாக்வேவ் (குதியில் அதிர்வலை செலுத்தும் சிகிச்சை), அதன் பிறகே அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு.

கேள்வி: ஸ்டீராய்டு ஊசி போட்டால் உடனே சரியாகுமா?

பதில்: சில வாரங்கள் வலி தணியும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம். குதியின் கொழுப்பு மெத்தையும் கரையலாம். அது கரைந்தால் மீண்டும் வளர்வது அரிது. பயிற்சிக்கு முட்டுக்கொடுக்க ஒருமுறை போடுவதைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாமா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு.

பதில்: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஐஸ், வெந்நீர் இரண்டுமே வேண்டாம், புண்ணாவது தெரியாமல் போகும். உணர்ச்சி சரியாக இருப்பவர்கள், ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம்.

இரவில் படுத்திருக்கும்போதும் வலி, எரிச்சலோடு மரத்துப்போதல், காய்ச்சலோடு வீக்கம், குதியை இருபுறமும் அழுத்தினால் கடும் வலி, இளவயதில் இரு குதிகளிலும் வலியோடு காலையில் இடுப்பு விறைப்பு என்றால், இந்தப் பயிற்சிகளை நிறுத்திவிட்டு முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.