தபால் பெட்டியில் பெயர் இருக்கட்டும்

கேள்வி: கணவருக்கு ஜெர்மனியில் இரண்டு ஆண்டு வேலை. இருவரும் கிளம்புகிறோம். போனதும் முதல் வேலை என்ன?
– வாசகி, கோவை

பதில்: குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. அந்தப் படிவத்தைத் தர மறுப்பவரின் வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டவே வேண்டாம். திருமணச் சான்றிதழையும் கொண்டுபோங்கள்.

பதிந்தபின் வரி எண் தபாலில் வரும். பெட்டியில் இருவர் பெயரையும் ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். எண் தாமதமானால் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கக்கூடும்.

வீட்டு முன்பணம், ஹீட்டர் முதலிய செலவு சேராத வாடகையில் 3 மாதத்துக்கு மேல் கூடாது. 3 தவணையாகக் கட்டச் சட்டமே இடம் தருகிறது, தயங்காமல் கேளுங்கள்.