மதிப்புக் கூட்டினால் ஏற்றுமதி தானாக வளருமா? சேலம் ஜவ்வரிசியை வைத்து ஒரு பதில்

“விளைபொருளை அப்படியே விற்காமல் மதிப்புக் கூட்டி விற்றால் ஏற்றுமதி தானாகப் பெருகாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் சேலம் மாவட்டத்து ஆத்தூர் பக்கம். சித்தப்பா சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை, நடத்தியவர். ஆகவே எனக்குத் தெரிந்த ஜவ்வரிசியை வைத்தே சொல்கிறேன்.

மதிப்புக் கூட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து, ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, ஈரமாவைத் துணியில் போட்டுத் தூளி போல ஆட்டினால் மணி மணியாகத் திரளும். அதை வறுத்துக் களத்தில் காயவைப்பார்கள். மிஞ்சும் சக்கையான திப்பி மாட்டுக்குப் போகும். பிறகு ஆட்டுவதற்கு இயந்திரம் வந்தது, 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது.

வாங்குகிறவர் மட்டும் மாறவில்லை. மகாராஷ்டிரத்திலும் வட மாநிலங்களிலும் விரத நாளில் கிச்சடி செய்பவர்கள்தான் எங்கள் பெரிய சந்தை. நவராத்திரி நெருங்கினால் சித்தப்பா வீட்டில் தொலைபேசி ஓயாது. அந்தச் சந்தை கேட்டதெல்லாம் வெண்மை, மேலும் வெண்மை. சில ஆலைகள் வெளுக்கும் ரசாயனத்தில் கைவைத்துக் கெட்ட பெயர் வாங்கியது அதனால்தான். மக்காச்சோள மாவுக் கலப்படம் தனிக் கதை.

ஒருமுறை வெளிநாட்டுக்கு ஸ்டார்ச், அதாவது கிழங்கு மாவு, அனுப்பும் வியாபாரி ஒருவர் வந்தார். சித்தப்பா ஒரு சிட்டிகை மாவை விரலிடுக்கில் தேய்த்து, “நிறத்தைப் பாருங்கள்” என்றார். அவர் பார்க்கவே இல்லை. பாகுத்தன்மை (காய்ச்சினால் எவ்வளவு கெட்டியாகும் என்பது) எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு, ஒவ்வொரு லோடும் இதே அளவில் வருமா என்று கேட்டார். எங்களிடம் ஒரு எண்கூட இல்லை. இத்தனைக்கும் விவசாயியிடம் கிழங்கு வாங்கும்போது மாவுச்சத்து எவ்வளவு என்று ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து பார்த்துத்தான் விலை போடுவோம்! சித்தி கொடுத்த காபியைக்கூட அவர் முழுதாகக் குடிக்கவில்லை.

தாய்லாந்துக்காரர்களும் முதலில் இதே கிழங்கைக் காயவைத்து ஐரோப்பாவுக்குக் கால்நடைத் தீவனமாகத்தான் ஏற்றினார்கள். 1982-ல் அந்த இறக்குமதிக்கு ஐரோப்பா உச்சவரம்பு வைத்தது. ஐரோப்பாவின் 1992 வேளாண் கொள்கைச் சீர்திருத்தத்துக்குப் பின் அங்கேயே தானிய விலை இறங்கியதால், தீவனத்துக்குக் கிழங்கின் தேவை குறைந்தது. ஒரே வாசலை நம்பியிருந்தவர்கள் வேறு வாசல் தேட வேண்டியதாயிற்று. காகிதம், பசை, உணவு என ஒவ்வொரு தொழிலுக்கும் ஏற்றபடி மாற்றிய ஸ்டார்ச் வகைகளுக்கு நகர்ந்தார்கள். இன்று மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதியில் அவர்கள்தான் முதலிடம்.

ஆகவே இயந்திரத்துக்கு மானியம் கொடுப்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். சிறு ஆலைகள் கட்டணம் கட்டி மாதிரி கொடுத்துச் சோதிக்கப் பொதுக் கூடம் வேண்டும். வேறு கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் வேண்டும். சித்தப்பா மகன் இப்போது லோடு வாரியாகப் பாகுத்தன்மையை நோட்டில் எழுதி வைக்கிறான். பசை செய்யும் உள்ளூர்க் கம்பெனி ஒன்று மாதம் ஒரு லாரி எடுக்கிறது. கப்பல் ஏறும் அளவுக்கு இன்னும் வரவில்லை.