உரம் இறங்கிய கிணற்று நீரால் வயிற்றில் புற்று வருமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். மல்லிகைத் தோட்டத்துக் கிணற்று நீரைத்தான் சிறுவயதிலிருந்து குடிக்கிறோம். போன வருடம் அப்பா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். யூரியாவும் பூச்சிமருந்தும் தண்ணீரில் இறங்கியதால்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். எனக்கு 44 வயது, அடிக்கடி நெஞ்செரிச்சல். எனக்கும் வருமா?

பதில்: ஊர்ப் பேச்சை ஒரேயடியாகத் தள்ள முடியாது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறி, பயிர் எடுத்தது போக மிச்சம் கிணற்றுக்கு வந்துவிடும். மாட்டுத்தொழுவமோ கழிவறைக் குழியோ பக்கத்தில் இருந்தால் அதிலிருந்தும் வரும். குடித்த நைட்ரேட்டில் ஒரு பகுதி வாயில் உள்ள கிருமிகளால் நைட்ரைட்டாகி, இரைப்பையில் புற்றைத் தூண்டக்கூடிய நைட்ரோசோ சேர்மங்களாக மாறலாம். ஆனால் குடிநீரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் ஒன்றுபோல் முடிவு சொல்லவில்லை. பூச்சிமருந்துக்கு எதிரான சாட்சி இன்னும் பலவீனம். (அதற்காக முகத்தை மூடாமல் மருந்து அடிக்காதீர்கள், அது வேறு ஆபத்து.)

இரைப்பைப் புற்றில் முதல் குற்றவாளி ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை அதை உறுதியாகக் குற்றம் சாட்டிவிட்டது. பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. அதோடு உப்பு மிகுந்த கருவாடு, ஊறுகாய், புகையிலை. அப்பா பீடி குடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கு எதனால் வந்தது என்று இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் காய்ச்சிக் குடிப்பது உதவாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்ஓ இயந்திரம் குறைக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கவே வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடலாம்.

சரி, உங்கள் விஷயம். பெற்றவருக்கு இந்த நோய் இருந்ததால் உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. நெஞ்செரிச்சலும் இருப்பதால் என்டோஸ்கோப்பி பார்ப்பது நல்லது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம். கிருமியையும் அப்போதே பார்த்துவிடுவார்கள். இருந்தால் பொதுவாகப் பதினான்கு நாள் மாத்திரை. ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரை போடுகிறீர்களா? கிருமிப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பு அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மலம் தார் போல் கறுத்தாலோ, எடை குறைந்தாலோ, சாப்பாடு இறங்காமல் அடைத்தாலோ அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.