தலைமை, தொழில்நுட்பம், சமூகப் பிரச்சினைகள் பற்றி நீங்கள் படித்ததில் மற்றவர்களுக்கும் அனுப்பிவைப்பது எது?

ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. பிரிட்டிஷ் அஞ்சலக நிறுவனத்துக்கு எதிராக 2019 டிசம்பர் 16 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் வழங்கியது. 300 பக்கங்களுக்கு மேல் வரும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய சகாக்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த வாரம் படித்ததில் மனதில் தங்கிய ஒன்றை அதில் போடுவேன். வெறும் இணைப்பை அனுப்பினால் யாரும் திறப்பதில்லை. அதனால் முழுதாகப் படித்துவிட்டு, எந்தப் பக்கம் என்னை நிறுத்தியது என்று பத்து வரி தமிழில் எழுதி அனுப்புகிறேன். அப்படி அனுப்பியதில் அதிகம் பேசப்பட்டது இந்தத் தீர்ப்புதான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்துக் கிராமங்களில் ஒரு சின்னக் கடையின் மூலையிலேயே அஞ்சலகக் கவுன்ட்டரும் இருக்கும். அதை ஒப்பந்த அடிப்படையில் நடத்துபவர்தான் சப்-போஸ்ட்மாஸ்டர். 1999 முதல் இவர்கள் கணக்கெல்லாம் ஹொரைசன் என்ற கணினி அமைப்புக்கு மாறியது. புஜித்சு நிறுவனம் நடத்திய அமைப்பு அது. கொஞ்ச நாளிலேயே பல இடங்களில் பணம் குறைவதாகக் கணினி தப்பாகக் காட்ட ஆரம்பித்தது. குறைந்ததை அவர்களே கட்ட வேண்டும் என்றார்கள். சேமிப்பைப் போட்டார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு வழக்கும் பொய்க்கணக்கு வழக்கும் பாய்ந்தன. 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது போலீஸ் அல்ல, அந்த அஞ்சலக நிறுவனமே. 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி, இதனால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது.

ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்தில் கடை நடத்தியவர். 2,000 பவுண்டு குறைகிறது என்று உதவி எண்ணுக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்னபடி செய்ததும் குறைவு 4,000 ஆகிவிட்டது. கடைசியில் 36,000 பவுண்டு திருடியதாக வழக்கு. ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துக் கொடுத்து உதவினார்கள். 2021 ஏப்ரலில்தான் அவருடையது உட்பட 39 பேரின் தண்டனை ரத்தானது.

இதில் மென்பொருள் பிழையை விட என்னை அதிகம் உலுக்கியது வேறு ஒன்று. உதவி எண்ணுக்குப் பேசிய பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது, வேறு யாருக்கும் இல்லை. நூற்றுக்கணக்கான பேரிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். நானும் சில வருடம் கிளையை நடத்தியவன், அதனால் இது சுருக்கென்று குத்தியது. கீழே இருந்து வரும் புகார்களைத் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அந்த ஆளின் கவனக்குறைவாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டியது மேலே இருப்பவரின் வேலை. அங்கே அதைச் செய்தது தலைமை அல்ல. வேல்ஸில் 2003-இல் ஒப்பந்தம் பறிக்கப்பட்ட ஆலன் பேட்ஸ் என்ற சப்-போஸ்ட்மாஸ்டர் செய்தார். 2009-இல் கம்ப்யூட்டர் வீக்லி இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே வருடம் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்துக் கூடத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கூடினார்கள். தான் தனி ஆள் இல்லை என்று அங்கே வந்த பலருக்கும் முதல்முறையாகத் தெரிந்தது. பின்னர் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் வந்ததுதான் இந்தத் தீர்ப்பு. ஹொரைசனில் கோளாறே இல்லை என்று சாதிப்பது, பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்று நீதிபதி அதில் எழுதியிருக்கிறார்.

கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்கள் டால்மெலிங்டன் பற்றிய பகுதியை அவசியம் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் உள்ள கிளை அது. 8,000 பவுண்டு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும்போது திரை நின்றுவிட்டது. ஊழியர் எண்டரை மறுபடி மறுபடி தட்டியிருக்கிறார். 8,000 நான்கு தடவை ஏறிவிட்டது. கைக்கு வந்தது ஒன்றுதான். ஆக 24,000 பவுண்டு குறைவு!

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. ரேஷன் கடையில் ஒரு பாட்டியின் விரலை மெஷின் ஏற்கவில்லை என்றால் "ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். வயதாகி, வேலை செய்து தேய்ந்த விரல் அது. ரேகை விழாதது பாட்டியின் குறையாகிவிடுகிறது. அரிசி வாங்காமல் திரும்புகிறவர் அந்தக் கடையில் அன்று அவர் ஒருவர்தானா, மாவட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்கிற ஒரு அதிகாரி போதும்.

இதோடு சேர்த்துப் படிக்க இன்னொன்று: அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு, 1986 விசாரணை அறிக்கைக்கு இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதிய பிற்சேர்க்கை. சில பக்கங்கள்தான். விபத்து நேரும் வாய்ப்பு நூறில் ஒன்று அளவுக்கு இருக்கும் என்று பொறியாளர்கள் கருதியபோது, நிர்வாகம் லட்சத்தில் ஒன்று என்று நம்பியது எப்படி என்று கேட்கிறார்.

சரி, இதை ஏன் எல்லோருக்கும் அனுப்புகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளை கணினிக்கு மாறிய புதிதில் ஒரு நாள் மாலை கேஷ் டேலி ஆகவில்லை. பத்தாயிரம் ரூபாய் ஷார்ட்டேஜ். கேஷியர் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பையன். நோட்டுக் கட்டுகளை மூன்று தடவை எண்ணினோம். இரவு ஒன்பது மணிக்கு, "சிஸ்டம் தப்பா காட்டாதுப்பா, யாருக்கோ கூடக் கொடுத்திருப்பே" என்று சொன்னவன் நான். அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கட்டினார். அந்தப் பணம் எங்கே போனது என்று கடைசி வரை தெரியவில்லை.

அவரும் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். டால்மெலிங்டன் பகுதியைப் போட்ட அன்று இரவு போன் செய்தார். ரொம்ப நேரம் அந்த எண்டர் தட்டிய கதையைப் பற்றியே பேசினார். அப்புறம் கேட்டார், "சார், அன்னிக்கு நாம நோட்டைத்தானே எண்ணினோம். என்ட்ரியெல்லாம் பிரிண்ட் எடுத்து ஒவ்வொண்ணா பார்த்தோமா?"

பார்க்கவில்லை என்று சொன்னேன்.